கப்பலேறினவனும் பட்டியலில் இல்லாதவளும்

வம்சாவளி தேடுவது நம்மிடையே பெரும்பாலும் பெருமை தேடுகிற காரியம். மானியம் பெற்றவர், சத்திரம் கட்டியவர், ஏடு வைத்திருந்தவர் என்று ஒருவரில் போய் நின்றால் தேடல் நிறைவு பெற்றுவிடும். கூலியாகக் கப்பலேறினவனைத் தேடிப்போகிறவர்கள் குறைவு.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவன் இருந்தான். வட ஆற்காட்டுக்காரன். பாட்டி அவனைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: “தாது பஞ்சத்துல எங்க தாத்தா நேட்டாலுக்குக் கப்பலேறிட்டாரு.” எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு வெளியே.

தாது வருஷம் 1876-77. பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதோ அதற்கு முன்பே துவங்கிவிட்டது. 1860ல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் 342 பேர். 1866ல் ஆள் அனுப்புவது நின்றது. 1871ல் ஊர் திரும்பியவர்கள் கசையடி பற்றியும் பிடித்துக்கொண்ட கூலி பற்றியும் முறையிட்டார்கள். 1872ல் விசாரணைக் கமிஷன். 1874ல் மீண்டும் கப்பல்கள். இரண்டு வருஷத்தில் பஞ்சம். இதற்குப்பின் தரகனுக்குப் பேச்சுத் திறமை அதிகம் தேவைப்பட்டிருக்காது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், மேலே படியரிசி. 1911ல் இந்த முறை முடிவுக்கு வருவதற்குள் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். நிலமற்றவனின் தகப்பன் பெயரை அதுவரை யாரும் எழுத்தில் வைத்ததில்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக அது எழுதப்பட்டது. சாமானியன் சரித்திரத்துக்குள் நுழைந்தது இப்படித்தான், கெண்டைக்கால் தழும்பின் மூலமாக. இந்தக் கசப்பை விழுங்காமல் பட்டியலை வாசிக்க முடியாது.

நகல்களைப் பார்த்தேன். எங்கள் தாலுகாவிலிருந்து, வீட்டில் வழங்கிய அதே பெயரில், மூன்று பேர். குமாஸ்தாவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கிராமப் பெயர்கள் உருக்குலைந்து கிடந்தன. வயதை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால் மூவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நெற்றியில் வடு உள்ளவனைத் தேர்ந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசையைச் சந்தேகிக்கவேண்டும் என்று பட்டது. மூவரில் எவனாக இருந்தாலும் பசி ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்லி ஒருவனை வரித்துக்கொள்வது கதை எழுதுவதாகும்.

டர்பனிலிருந்தும் சிலர் இதே பட்டியலின் எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே கிராமம் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு அவன் வம்சத்தின் ஆரம்பம். எங்களுக்கு அவன் முடிவு. அங்கே அவன் மறுபடி மணந்திருக்கலாம். 1895 சட்டத்துக்குப் பின் ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவன் என்றால், முடிந்தபின் அங்கேயே தங்க வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி. இவன் முன்பே போனவன். அந்த வரிக்கும் தப்பியவன். அப்படியும் திரும்பவில்லை.

இத்தனை தேடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. பட்டியலில் மனைவி என்று குறிக்கப்பட்டவள் கூடவே கப்பலேறியவள் மட்டும். கரையில் விடப்பட்டவளுக்கு அதில் இடமில்லை. கைக்குழந்தையோடு பஞ்சத்தைத் தாண்டியவள் அவள்தான். அந்தக் குழந்தை என் பாட்டியின் அம்மா. நான் வந்த வழி அது. நானோ ஓடிப்போனவனின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளைப் பற்றிப் பாட்டி சொன்னது இன்னொரு வாக்கியம், அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளாதது. புருஷன் செத்த சேதி வராததால் அவள் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம். சாகும்போது தலை முழுக்க நரைத்திருந்ததாம், நெற்றியில் குங்குமம்.

அவள் பெயர் என்ன என்று கேட்டது நினைவிருக்கிறது.

“பேரா? நாங்க ஆயான்னுதான் கூப்புடுவோம்.”