உல்லாசப் பயணமும் ஒரு கால்வாயும்

மயிலாப்பூரில் பஸ் ஏறித் தரமணி வழியாக மாமல்லபுரம் போகும் கோஷ்டியில் பாட்டுக்கும் புளியோதரைக்கும் குறைவே இராது. எனக்கோ மனம் வழியிலுள்ள பக்கிங்ஹாம் கால்வாயில் போய் நின்றுவிடும். பஸ் வருமுன் சென்னைவாசிகள் கடற்கோயில் காண அதில்தான் படகேறிப் போனார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. லண்டன்வாசிகள் விடுமுறைக்கு ரயிலேறிப் பிரைட்டன் கடற்கரையில் காற்று வாங்கிய காலம் அது. இங்கோ, பசித்த ஜனங்கள் அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

இன்று அங்கே படகு இல்லை. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கல்லைக் குடைந்த பல்லவனைக் காணப் போகிறோம். மண்ணைக் குடைந்தவர்களையும் வழியில் ஒரு கணம் நினைத்தால், வாசகரே, புளியோதரை கசந்துவிடாது.