சாகச அணிப் பந்தயம்

நடை, ஓட்டம், மலைச் சைக்கிள், துடுப்புப் படகு, நீச்சல், கயிறு பிடித்துப் பாறை இறங்குதல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, வழியைத் தாங்களே கண்டுபிடித்து, இரவு பகல் பாராமல் ஓர் அணி சேர்ந்தே முடிக்கும் போட்டி. வீரர்களிடையே ‘அட்வெஞ்சர் ரேஸ்’ என்ற பெயரே புழக்கத்தில் உள்ளது. சிறிய பந்தயம் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘எக்ஸ்பெடிஷன்’ எனப்படும் நெடும்பந்தயம் பத்து நாள்வரைகூட நீளும். நெடும்பந்தயத்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. தூங்கினாலும், சாப்பிட்டாலும், வழிதவறி ஒரு பாறைமேல் உட்கார்ந்து சண்டை போட்டாலும் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டிரையத்லானோடு இதைச் சேர்த்துப் பேசுவார்கள், தூரத்துச் சொந்தம்தான். டிரையத்லானில் பாதை குறித்து வைத்திருக்கும், ஓடுகிறவர் தனி ஆள். இங்கே செக்பாயின்ட் எங்கே என்று மட்டும் வரைபடத்தில் புள்ளி இருக்கும். எந்தச் சரிவில் ஏறி எந்த ஓடையில் இறங்கி அதை அடைவது என்பது அணியின் பாடு. அணியினர் எப்போதும் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி ஆள் கோட்டைத் தொடும்போதுதான் அணியின் நேரம் குறிக்கப்படும். ஒருவர் விலகினால் பெரும்பாலான பந்தயங்களில் அந்த அணிக்குத் தரவரிசையில் இடமில்லை. இந்த விளையாட்டின் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் சேர்ந்தே முடிக்க வேண்டும் என்ற இந்த விதியிலிருந்து கிளைத்தவையே.

வரலாறு

இருவர் அணியாக மலையில் இரண்டு நாள் ஓடும் பந்தயம் பிரிட்டனில் 1968-இலேயே தொடங்கிவிட்டது. நியூசிலாந்தின் தென்தீவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்கும் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ 1983-இல் வந்தது. ஓட்டம், சைக்கிள், கயாக் மூன்றும் சேர்ந்த 243 கிலோமீட்டர். இன்றைய வடிவத்தைத் தந்தவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜெரார் ஃப்யூசில். 1989-இல் நியூசிலாந்தில் அவர் நடத்திய ‘ரெய்ட் கோலுவாஸ்’ பந்தயத்தில் அணிக்கு ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண் என்பது நிபந்தனை. அன்று அது புதுமை. ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் அணி இன்று இந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்டது. ரெய்ட் கோலுவாஸில் பின்னர் ஓடிப் பார்த்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் 1995-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ‘ஈகோ-சேலஞ்ச்’ தொடங்கினார். கேமரா வந்ததும் புகழ் வந்தது, விளம்பரதாரர்கள் வந்தார்கள். 2001 முதல் உலகத் தொடரும் நடக்கிறது.

2002-க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஈகோ-சேலஞ்ச் 2019-இல் ஃபிஜித் தீவுகளில் மீண்டும் நடந்தது. 30 நாடுகளிலிருந்து 66 அணிகள், 671 கிலோமீட்டர். வென்றது நியூசிலாந்து அணி. எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் தலைமையில் ‘குக்ரி வாரியர்ஸ்’ என்ற இந்திய அணி அதில் ஓடியது. அவர்களின் தந்தை துணையாளராகப் போயிருந்தார். இந்தியாவுக்குள் புனே நகரைச் சுற்றிய சஹ்யாத்ரி மலைகளில் நடக்கும் ‘எண்டியூரோ3’ பெயர் பெற்றது. பெயரிலுள்ள 3, அணிக்கு மூன்று பேர் என்பதைக் குறிக்கும்.

அணி நகரும் விதம்

நால்வரில் பலசாலி யார் என்ற கேள்விக்கு இங்கே மதிப்புக் குறைவு. இந்த நேரத்தில் தளர்ந்திருப்பவர் யார் என்பதே கேள்வி. அது மணிக்கு மணி மாறும்: படகில் முன்னே நின்றவர் மலையில் பின்தங்குவார், பகலில் பாடிக்கொண்டு வந்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு வாய் திறக்கமாட்டார். அப்போது அவர் முதுகுப்பையில் உள்ள தண்ணீரும் கயிறும் மற்றவர் பைக்கு மாறும். அதுவும் போதாவிட்டால் இழுகயிறு. முன்னே நடப்பவரின் பையில் கட்டிய எலாஸ்டிக் கயிற்றின் மறுமுனையைத் தளர்ந்தவர் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார். கயிறு விறைப்பாக இருந்தால் இடறும், தொங்கினால் பயனில்லை. லேசாக முன்னே தள்ளிவிடுவது போன்ற ஓர் இழுப்பு, அவ்வளவுதான். சைக்கிளிலும் இதே ஏற்பாடு உண்டு. புதிய அணிகளில் கயிற்றை வெளியே எடுக்க வெட்கப்படுவார்கள். தேர்ந்த அணிகளில் ஏற்றம் தொடங்குமுன்பே மாட்டிவிடுவார்கள். ‘எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கள்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருபவரால் அணிக்கு வரும் நஷ்டம், வாய்விட்டுச் சொல்பவரால் வருவதில்லை.

வழி பார்ப்பவர் தனி ரகம். ஜி.பி.எஸ். பெரும்பாலும் தடை, போனை உறையிலிட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று படிப்பது முதல் பாடம். அடுத்தது காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள விலகல். தமிழ்நாட்டில் அது இரண்டு பாகைக்குள் அடங்கிவிடுவதால் நம்மூரில் பழகியவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. நியூசிலாந்தின் தென்தீவில் அது 20 பாகைக்கு மேல். மறந்துபோய் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்திலிருந்து 340 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பார்கள். காட்டில் அது வேறு பள்ளத்தாக்கு. அதனால் வரைபடம் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் அடிகளை எண்ணிக்கொண்டு வருவார்.

உறக்கம் இரவுக்கு ஒரு மணி, இரண்டு மணி. மூன்றாம் இரவில் மரக்கட்டை ஆளாகத் தெரியும், பாறையில் வீடு தெரியும். எதிரே தெரிவதை உடனிருப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது எழுதப்படாத ஒழுங்கு. பலரை வீட்டுக்கு அனுப்புவது மூச்சோ தசையோ அல்ல, கால். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம் வெளுத்து, தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாகும்; மடிப்பு விரிந்தால் வெடிப்பு. ஒரு வகையிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் அனுபவசாலிகள் சோற்றுக்கு முன்னால் காலைத்தான் கவனிப்பார்கள்: துடைத்து, காற்றுப்படக் காயவைத்து, விரலிடுக்கில் களிம்பு தடவி, உலர்ந்த காலுறை மாட்டுவார்கள். விரலை மடக்க முடியாதவருக்கு இன்னொருவர் மாட்டிவிடுவார்.

ஐந்தாவதாக ஒரு உறுப்பினர் சேர்ந்த கதையும் உண்டு. 2014-இல் ஈக்வடாரில் நடந்த உலகப் போட்டியில் சுவீடன் அணியின் மிக்கேல் லிண்ட்நோர்ட், புண்ணோடு நின்ற ஒரு தெருநாய்க்கு இறைச்சி உருண்டை ஒன்றைப் போட்டார். அது சேற்றிலும் மலையிலும் கூடவே வந்தது. படகுப் பகுதியில் அதை விட்டுவிடச் சொன்னார்கள் அமைப்பாளர்கள். நாய் தண்ணீரில் குதித்து நீந்திவர, அணியினர் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டார்கள். ஆர்தர் என்று பெயரிடப்பட்ட அந்த நாய் சுவீடனிலேயே வாழ்ந்தது. தெருநாயோடு வாழ்ந்து பழகிய நம் மக்களுக்கு இதில் அந்த ஒரு உருண்டை வியப்பளிக்காது.

ஆபத்துகள்

2000-ஆம் ஆண்டு போர்னியோவின் சபா பகுதியில் நடந்த ஈகோ-சேலஞ்சில் 304 பேர் கலந்துகொண்டார்கள். வீடு திரும்பிய பிறகு ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் இருவராகக் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். எலிக்காய்ச்சல். விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு நோய்க்குறி இருந்தது, 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பு இல்லை. வெள்ளம் கலந்த செகாமா ஆற்றில் நீந்தியதே காரணம் என்று கண்டார்கள். முன்கூட்டி டாக்சிசைக்ளின் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். மழைக்குப் பின் தேங்கிய நீரில் கால் வைப்பவர் யாருக்கும் இந்தச் செய்தி பொருந்தும். 2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ‘பிரைமல் குவெஸ்ட்’ பந்தயத்தில், மலைச்சரிவில் உருண்ட பாறை தாக்கி ஆஸ்திரேலிய வீரர் நைஜல் அய்லட் இறந்தார்.

தமிழ்நாட்டில் ஆபத்தைப் பற்றிய பேச்சு 2018 மார்ச் 11-க்குப் பிறகு வேறு தொனிக்கு மாறியது. தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் குழுவை அழைத்துச் செல்வது இன்று சாத்தியமில்லை. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள்.

திருத்தணி வட்டார நிலம்

சென்னையிலிருந்து அணியாகப் பழக வருபவர்களுக்குத் திருத்தணிப் பக்கம் கைக்கெட்டும் தூரம்; ரயிலிலேயே வந்திறங்கலாம். வடக்கே நகரி மலைத்தொடர், அதில் ‘நகரி மூக்கு’ எனப்படும் பாறை முனை. வடகிழக்கே நாகலாபுரத்துக் காட்டோடைகளும் மடுக்களும். தெற்கே கொசஸ்தலை ஆறு, கிழக்கே பூண்டி நீர்த்தேக்கம். ஏற்றம், பாறை, ஓடை, வண்டிப்பாதை எல்லாம் ஒரு நாள் சைக்கிள் வட்டத்துக்குள் கிடைக்கும். துடுப்புப் போட மட்டும் தண்ணீர் கிடைக்காது. கொசஸ்தலை ஆண்டில் பெரும்பாகம் மணல். பருவமழையில் ஆந்திரப் பக்க அணை திறந்தால் ஒரே நாளில் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும். 1944-இல் கட்டிய பூண்டியோ சென்னையின் குடிநீர்.

ஆந்திர எல்லைதான் இங்கே பெரிய செக்பாயின்ட். ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலைத்தொடரின் பெரும்பகுதி ஆந்திரப் பக்கம் தங்கிவிட்டது. காலையில் புறப்படும் அணி மதியத்துக்குள் இரண்டு மாநில வனத்துறைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லைக்கு அப்பால் செம்மரக் காடு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் மலையில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட பகுதி அதிக தூரமில்லை. நெற்றி விளக்கும் முதுகுப்பையுமாக நள்ளிரவில் நால்வர் அந்தக் காட்டில் வரைபடத்தை விரித்தால், கேட்கப்படும் முதல் கேள்வி விளையாட்டைப் பற்றியதாக இருக்காது. இரவு நடை இந்த விளையாட்டின் பாதி. இந்த மலைகளில் அந்தப் பாதியைக் கழித்துவிட வேண்டும்.

வெயில் அடுத்த தடை. கோடையில் தமிழ்நாட்டின் உச்ச வெப்பப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கும். 42, 43 பாகை செல்சியஸ் ஊருக்குப் பழக்கமான எண்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புக்கரைசல் பொட்டலம் கயிற்றைவிட முக்கியம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் ஓடத் தோதான காலம்.

அந்தக் காலத்துக்குள்ளேயே ஊரின் படித்திருவிழாவும் வரும். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கப்படி, டிசம்பர் 31 அன்று பஜனைக் குழுக்கள் முருகன் கோயில் மலையின் 365 படிகளிலும் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறும். ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் குழுக்களைப் போலவே, இவர்களும் முந்திப் போவதில்லை. பாட்டு முடியும்வரை முன்வரிசைக்காரரும் அதே படியில்தான் நிற்பார். அன்று படிக்கட்டில் ஓடிப் பழக வருகிற அணிக்கு இடம் கிடைக்காது, வாகனப் பாதையில்தான் ஏற வேண்டும். அதிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு.