வேலையும் பார்த்து காசும் கட்டணுமா?

போன மாசம் ஞாயித்துக்கிழமை வழக்கம்போல இங்கிலாந்துக்கு வீடியோ கால். அக்கா பொண்ணு அங்க நர்ஸிங் பட்டப்படிப்பு, ரெண்டாம் வருஷம். அம்மாவுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். "ஏண்டி, அடல்ட் நர்ஸிங்னா குழந்தைகளுக்கு ஊசி போடமாட்டியா?" சிரிச்சுக்கிட்டே சொன்னா, "ஆமா பாட்டி, பதினெட்டு வயசுக்கு மேலதான். குழந்தைகளுக்குத் தனிப் படிப்பு."

அதோட விட்டிருக்கலாம். அம்மா, "சம்பளம் எவ்வளவு தர்றாங்க?"ன்னு அடுத்த கேள்வியப் போட்டாங்க. வார்டுல பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறாளாம். சம்பளம் கிடையாது. அதுக்கு மேல வருஷத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் பவுண்டு கட்டணம், கடன் வாங்கி. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "வேலையும் பார்த்துட்டு காசும் கட்டணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

எனக்கும் பதில் தெரியலை. அப்புறம் தேடித்தேடிப் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. அம்மா கேட்டது நூத்தறுபது வருஷத்துப் பழைய கேள்வி. நர்ஸ் வேலை கத்துக்கிற பொண்ணு மாணவியா, வேலைக்காரியா? இங்கிலாந்துல இதுக்குத்தான் இத்தனை நாளா அடிதடி.

ஆரம்பம் எல்லாருக்கும் தெரிஞ்ச நைட்டிங்கேல் அம்மாதான். கிரிமியப் போரில் அவங்க செஞ்ச சேவைக்கு நன்றியா மக்கள் கொடுத்த பணம் 44,000 பவுண்டுக்கு மேல சேர்ந்தது. அந்த நிதியில 1860-ல லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில பயிற்சிப் பள்ளி தொடங்கினாங்க. ஒரு வருஷப் பயிற்சி. கத்துக்க வர்ற பொண்ணுக்கு 'ப்ரொபேஷனர்'னு பேர். தங்க இடம், சாப்பாடு, சீருடை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பதிலுக்கு வார்டுல வேலை. பாடமெல்லாம் வேலை நேரம் போக மிச்ச நேரத்துல.

அந்தக் காலத்துக்கு இது பெரிய புரட்சிதான், அதுல சந்தேகமே வேண்டாம். குடிச்சிட்டு வர்ற கிழவிதான் நர்ஸ்னு டிக்கன்ஸ் கிண்டலடிச்ச ஊர்ல, நர்ஸ் வேலைன்னா பயிற்சி வேணும்ங்கிற எண்ணத்தைக் கொண்டுவந்தாங்களே! ஆனா மத்த ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு இதுல வேற ஒரு லாபம் கண்ணுல பட்டுது. பயிற்சிப் பள்ளின்னு ஒரு பலகை மாட்டினா சல்லிசா ஆள் கிடைக்கும்! இருபது முப்பது வருஷத்துல ஊருக்கு ஊர் பள்ளி முளைச்சுது. லண்டன் ஆஸ்பத்திரியில, பயிற்சி முழுசா முடியாத பொண்ணுங்களையே முழு நர்ஸ்னு சொல்லிப் பணக்கார வீடுகளுக்கு அனுப்பி, கட்டணத்தை ஆஸ்பத்திரி வாங்கிக்குதுன்னு 1890-ல பிரபுக்கள் சபை விசாரணைக் குழு வரைக்கும் புகார் போச்சு.

இந்த இடத்துல என்ட்ரி கொடுக்கிறாங்க எதெல் ஃபென்விக். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள். 24 வயசுல செயிண்ட் பார்த்தலோமியோ ஆஸ்பத்திரிக்கு மேட்ரன். 1887-ல ஒரு டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வேலைய விட்டாங்க. விட்ட கையோட பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கம் ஆரம்பிச்சு, "டாக்டருக்கு இருக்கிற மாதிரி நர்ஸுக்கும் அரசாங்கப் பதிவேடு வேணும், பரீட்சை வேணும், மூணு வருஷப் படிப்பு வேணும்"னு கொடி பிடிச்சாங்க. எதிர்த்தது யார் தெரியுமா? நைட்டிங்கேலேதான்! நல்ல நர்ஸோட குணத்தைப் பரீட்சை வெச்சு அளக்க முடியாதுங்கிறது அவங்க கட்சி.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நடுராத்திரியில நோயாளி முனகினா எழுந்து போற மனசை எந்தக் கேள்வித்தாள்ல கேட்கிறது? ஆனா மனசு மட்டும் போதும்னு சொல்லியே பொண்ணுங்களை எவ்வளவு மலிவா வேலை வாங்கினாங்கன்னு பார்க்கும்போது நான் ஃபென்விக் பக்கம்தான். (அவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க மட்டும் வந்தாப் போதும்ங்கிற மேட்டுக்குடி நினைப்பு அவங்ககிட்ட நிறையவே இருந்துது.)

முப்பத்திரண்டு வருஷம் இழுத்துது. முதல் உலகப்போர் முடிஞ்சு 1919 டிசம்பர்லதான் நர்ஸ் பதிவுச் சட்டம் வந்துது. 1921-ல பதிவேடு திறந்தப்போ முதலாம் நம்பர் யாருன்னு நினைக்கிறீங்க? எதெல் ஃபென்விக்! கல்யாணத்தோட மேட்ரன் வேலைய விட்டவங்க. ஆம்பளை நர்ஸுகளைத் தனிப் பிரிவில் எழுதினாங்க, 1949 சட்டம் வந்துதான் அது மாறிச்சு.

பதிவு வந்தாச்சு, பரீட்சை வந்தாச்சு. ஆனா கத்துக்கிற பொண்ணு நிலைமை? அதே வார்டு, அதே வேலை. 1947-ல சர் ராபர்ட் வுட் தலைமையிலான குழு ஒரு அறிக்கை கொடுத்துது. கத்துக்கிறவங்களை ஆஸ்பத்திரியோட ஆள்கணக்குல சேர்க்காதீங்க, முழு மாணவியா நடத்துங்கன்னு நேரடியாச் சொல்லிச்சு. அடுத்த வருஷம் ஜூலை 5-ம் தேதி என்.எச்.எஸ் பிறந்தது. நாடு முழுக்க ஆஸ்பத்திரியை அரசாங்கம் நடத்தணும், எல்லாருக்கும் இலவசம். அப்போ போய் இத்தனை ஆயிரம் கைகளை வார்டுலேர்ந்து எடுத்தா யார் படுக்கை விரிக்கிறது? அறிக்கை அலமாரிக்குப் போச்சு.

கை போதலைன்னு வெளிநாட்டுலேர்ந்து பொண்ணுங்களை வரவழைச்சாங்க. அயர்லாந்து, கரீபியத் தீவுகள், அப்புறம் மலேசியா, மொரிஷியஸ். இதுல நடந்த ஒரு விஷயம் மனசை உறுத்துது. அப்போ ரெண்டு படிப்பு இருந்துது. மூணு வருஷம் படிச்சா எஸ்.ஆர்.என். ரெண்டு வருஷம் படிச்சா எஸ்.இ.என், அதாவது ஒருபடி கீழ, பதவி உயர்வுக்கு வழி இல்லாதது. கடல் தாண்டி வந்த பல பொண்ணுங்களை, வித்தியாசத்தைச் சரியாச் சொல்லாமலே ரெண்டாவதுல சேர்த்துவிட்டாங்க. பல ஊர்ல அந்தச் சான்றிதழுக்கு மதிப்பே இல்லைன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. திரும்பிப் போகவும் முடியாம, மேல ஏறவும் முடியாம அங்கேயே ரிட்டயர் ஆனவங்க எத்தனையோ பேர்.

நிற்க. பல்கலைக்கழகம் எப்போ உள்ள வந்துதுன்னு சொல்லலையே. 1956-ல எடின்பரோ பல்கலைக்கழகத்துல, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை காசுல, எல்ஸி ஸ்டீஃபன்சன் தலைமையில நர்ஸிங்குக்குன்னு ஒரு பிரிவு தொடங்கினாங்க. பிரிட்டன்ல அதுதான் முதல். 1960-ல அங்க பட்டப்படிப்பும் வந்துது. 1969-ல மான்செஸ்டர். ஆனா இதெல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். பெரும்பாலானவங்க படிச்சது ஆஸ்பத்திரிப் பள்ளியிலதான்.

நிஜமான திருப்பம் 1986-ல. 'ப்ராஜெக்ட் 2000'ன்னு ஒரு திட்டம், பேரைக் கேட்டா ஏதோ ராக்கெட் விடற மாதிரி இருக்கு. 1989-லேர்ந்து அமலாச்சு. முதல் பதினெட்டு மாசம் எல்லாருக்கும் பொதுப் பாடம். அப்புறம் நாலு கிளை: பெரியவங்க, குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உள்ளவங்க. அம்மா கேட்ட 'அடல்ட்' இங்கதான் வருது. எஸ்.இ.என் பயிற்சிக்கு மூடுவிழா. ஆஸ்பத்திரிப் பள்ளிகள் தொண்ணூறுகள்ல பல்கலைக்கழகத்தோட இணைஞ்சுது. முக்கியமா, கத்துக்கிறவங்களைப் பெரும்பாலான காலம் வார்டு ஆள்கணக்குல சேர்க்கக்கூடாது. வுட் அறிக்கை சொன்னது நாப்பது வருஷம் கழிச்சு நடந்துது! சம்பளம் போச்சு, பதிலுக்கு பர்சரின்னு உதவித்தொகை வந்துது.

அப்போ கிடைச்சது டிப்ளமா. பட்டம் கட்டாயமானது வேல்ஸ்ல 2004, ஸ்காட்லாந்துல 2011, இங்கிலாந்துல 2013. உடனே பழைய பஞ்சாயத்து திரும்ப வந்துது. பட்டம் வாங்கின மகாராணி பெட்பேன் எடுப்பாளான்னு பத்திரிகைகள்ல கிண்டல். ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியில நோயாளிகளைத் தண்ணி கூடக் கொடுக்காமப் போட்டுவெச்ச கொடுமை பத்தி 2013-ல ஃப்ரான்ஸிஸ் அறிக்கை வந்ததும், பாத்தியா படிப்போட லட்சணம்னாங்க. அந்தக் கொடுமை நடந்த 2005–2009-ல இங்கிலாந்துல பட்டம் கட்டாயமே இல்லைங்கிறதை யாரும் யோசிக்கலை.

2014-ல லான்செட் இதழ்ல லிண்டா எய்கன் குழுவோட ஆய்வு வந்துது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை ஆன நாலு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். பட்டதாரி நர்ஸுகளோட பங்கு 10% கூடினா, முப்பது நாளுக்குள்ள நோயாளி சாகிற வாய்ப்பு 7% குறையுதுன்னு கணக்கு. ஒரு நர்ஸ் தலையில இன்னொரு நோயாளியக் கூடுதலாக் கட்டினா அதே வாய்ப்பு 7% கூடுது. இது காரணத்தை நிரூபிக்கிற சோதனை இல்லை, கவனிச்சு எடுத்த கணக்குதான். இருந்தாலும் நைட்டிங்கேலே புள்ளிவிவரப் பைத்தியம். இதைப் பார்த்திருந்தா கட்சி மாறியிருப்பாங்களோ என்னவோ.

இப்போ கதையோட கசப்பான இடம். பட்டம் கட்டாயமாகி நாலே வருஷம். 2017 ஆகஸ்ட்லேர்ந்து இங்கிலாந்துல புதுசா சேர்றவங்களுக்கு பர்சரி ரத்து. எல்லாரையும் போல நீங்களும் பல்கலைக்கழக மாணவர்தானே, கடன் வாங்கிப் படிங்கன்னுட்டாங்க. மாணவின்னு ஒத்துக்கச்சொல்லி நூறு வருஷத்துக்கு மேல போராடி ஜெயிச்சா, ஜெயிச்சதையே காரணமா வெச்சு பில்லை நீட்டிட்டாங்க! அந்த வருஷம் ஜனவரிக் கணக்குல இங்கிலாந்து விண்ணப்பங்கள் 23% சரிஞ்சுது. 2020-லேர்ந்து வருஷம் 5,000 பவுண்டு உதவித்தொகை மட்டும் கொடுக்கிறாங்க. ஸ்காட்லாந்துக்காரங்க தேவலை, அந்த ஊர் மாணவர்களுக்குக் கட்டணமும் இல்லை, பர்சரியும் உண்டு.

அவங்க 'எல்லாரையும் போல' மாணவியும் இல்லை. மூணு வருஷத்துல 4,600 மணி நேரம் கணக்கு காட்டணும், அதுல பாதி வார்டுல. இலக்கியமோ கணக்கோ படிக்கிற பசங்க கோடை லீவுல கடையில நின்னு காசு பார்ப்பாங்க, இவ அப்போ நைட் டியூட்டியில இருப்பா. ஆள்கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு விதி இருக்கே, அப்புறம் என்னன்னு அவகிட்டேயே கேட்டேன்.

"விதி இருக்கு சித்தி. ஆனா ஒரு பாட்டி பாத்ரூம் போகணும்னு கூப்பிடறாங்க, பக்கத்துல யாருமே இல்லை. நான் கணக்குல இல்லைன்னு சொல்லிட்டு நிக்க முடியுமா?"

இதை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அவ போனாளா?"ன்னு கேட்டாங்க. போனாம்மான்னேன். "அப்போ அந்த ஒன்பதாயிரத்தை அவளுக்கில்ல கொடுக்கணும்"னுட்டு சீரியல் பார்க்க எழுந்து போயிட்டாங்க.