சஹானாவும் கல்முனைக் கரையும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000 பேருக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கிக் கிடந்த ஊர்கள் அவை. உயிர் தப்பியோர் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தனர். யாரைக் காணோம், எந்த முகாமில் எத்தனை பேர், எவருக்கு என்ன தேவை என்பதே அப்போதைய கேள்வி.

அதற்கு விடை தேடிக் கொழும்பில் மென்பொருளாளர்கள் பலர் தொண்டர்களாகக் கூடினர். சில வாரங்களுக்குள் அவர்கள் எழுதியதுதான் ‘சஹானா’. நமக்கு அது ராகத்தின் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், பொருட்தேவைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதனைப் பேணி வளர்த்தது.

சில வாரங்களில் இது எப்படி இயன்றது? 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அதன்மீது ஓடும் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி யாவும் மூலநிரல் திறந்தவை. எவரிடமும் உரிமம் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் இட்ட அத்திவாரத்தின் மேல் சுவரை எழுப்பினால் போதும். சஹானாவின் நிரலையும் அவ்வாறே திறந்து வைத்தனர். 2005இல் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானும், 2006இல் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் அதனை எடுத்தாண்டன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹானாவுக்கு அளித்தது.

ஆனால், பெயர்களைப் பதிவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. பங்கீடு அரசியலின் கையில் இருந்தது. 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட நிவாரணப் பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டில், அலையால் பெரிதும் அடிபட்ட முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக இடம்பெறவில்லை. அது நியாயமில்லை என்றே எண்ணுகிறேன். அவ்வுடன்பாடும் நிலைக்கவில்லை, அடுத்த மாதமே அதன் முக்கிய பிரிவுகளை நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது.

பின்னர், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. எந்த இனத்தவருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி, அவை ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. வீடிழந்தோரின் பெயர்களோ அரச பதிவேடுகளில் இருந்தன.