கடற்கரை என்றொரு குடும்பப் பெயர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே விட்பியில் இப்போது சனிக்கிழமை காலை பத்து மணி. இலண்டனில் இருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எனக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி. நான் நேற்றிரவு வேலை முடித்து வந்து மூன்று மணித்தியாலம்தான் தூங்கினேன். பேச்சில் தடுமாற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. தாதியியல் டிப்ளோமா படித்தவள். ஒரு பயணத்தில் கண்ட ஒரு சொல் என்னை விடாமல் துரத்தியது. அதனால் வாசிக்கத் தொடங்கினேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

போன வருடம் என் கணவரின் தங்கை வேலை காரணமாகக் கேப்டவுனில் இருந்தாள். "அண்ணி, ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று நச்சரித்ததால் போனோம். இரண்டாம் நாள் எங்களைக் குரூட் கான்ஸ்டான்ஷியா என்ற பழைய வைன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தென்னாப்பிரிக்காவின் மிகப் பழைய வைன் தோட்டம் அது. 1685இல் தொடங்கியது. நீண்ட மரச்சாலை, வெள்ளை முகப்புச் சுவருள்ள மாளிகை, பின்னால் மலை, சரிவெல்லாம் திராட்சைக் கொடி. ஒரு கல்யாண மாப்பிள்ளையும் பொம்பிளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். சின்னக் கிண்ணங்களில் சுவை பார்க்க வைன் தந்தார்கள். நானும் குடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. நல்ல இனிப்பு வைன்.

அடுத்த நாள் கேப்டவுன் நகரத்துக்குள் இருக்கும் 'அடிமை விடுதி' என்ற அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1679இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய கட்டடம். அங்கே வெளிச்சத் தூண் ஒன்றில் அடிமைகளின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். சுற்றி நடந்து வாசிக்க வேண்டும். கேப் அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலாளி வைத்த ஒரு பெயர், பிறகு 'வான்' என்ற சொல், பிறகு ஊர். வங்காளத்தவர் என்றால் 'வான் பெங்காலன்'. மலபார்க்காரர் என்றால் 'வான் மலபார்'. சிலருக்கு 'வான் டெ குஸ்ட்'. மச்சாளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "கடற்கரையைச் சேர்ந்த என்று அர்த்தம், அண்ணி. ஆனால் எந்தக் கடற்கரை என்று போடேல்லை" என்றாள்.

ஒல்லாந்தக் கம்பனியின் பேச்சில் 'கடற்கரை' என்று மட்டும் சொன்னால் அது பெரும்பாலும் சோழமண்டலக் கரை. பழவேற்காடு, நாகப்பட்டினம், அந்தப் பக்கம். எனக்குக் கால் நின்றுவிட்டது.

தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் நாம் எங்கிருந்து கதையைத் தொடங்குவோம்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து. கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு இன்று கோயில் உண்டு, சங்கம் உண்டு, நினைவுவிழா உண்டு. ஆனால் அதற்கு இருநூறு வருடம் முந்தியே நம் கரையிலிருந்து ஆட்கள் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார்கள். சங்கிலியில் போனவர்கள். அவர்களுக்கு ஒரு கோயில்கூட இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 1652இல் ஒல்லாந்தர் கேப்பில் குடியேறினார்கள். அன்றிலிருந்து, பிரித்தானியர் அடிமை வியாபாரத்தை நிறுத்திய 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் அங்கே இறக்கப்பட்டார்கள் என்று ரொபேர்ட் ஷெல் என்ற வரலாற்றாசிரியர் மதிப்பிடுகிறார். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து. மிச்சம் ஆப்பிரிக்கக் கரை, மடகஸ்கார், இந்தோனேசியத் தீவுகள்.

இன்னொரு விசயத்தையும் பாருங்கள். 1659 பெப்ரவரி 2ஆம் திகதி, கேப்பில் முதன்முதலாகத் திராட்சை பிழிந்து வைன் எடுத்தார்கள். தளபதி யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் சந்தோசமாக எழுதிவைத்தார். அதே 1659இல் தஞ்சாவூர் நாட்டில் என்ன நடந்தது? பீஜப்பூர்ப் படைகள் திரும்பத் திரும்பப் புகுந்து வயலை அழித்தன. பஞ்சம் வந்தது. அதற்கு முந்திய வருடம்தான் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்திருந்தார்கள். பசித்தவர்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பனி எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேரை விலைக்கு வாங்கியது. பெரும்பகுதி கப்பலேறியது கேப்புக்கு அல்ல, இலங்கைக்கு. இதை நினைவில் வைத்திருங்கள். இதற்குத் திரும்ப வருவேன்.

இப்போது தோட்டக்காரரைப் பார்ப்போம். பெயர் சைமன் வான் டெர் ஸ்டெல். கேப்பின் தளபதி, பிறகு ஆளுநர். ஸ்டெல்லன்பாஸ் என்ற ஊர் இவருடைய பெயரில்தான் இருக்கிறது. இவருக்குக் கான்ஸ்டான்ஷியா நிலத்தை வழங்கியவர் ஹென்ட்ரிக் வான் ரீட். ஆம், கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற பெருநூலைத் தொகுப்பித்த அதே வான் ரீட்.

சைமனின் அப்பா அட்ரியான் 1646இல் இலங்கையில், கண்டி அரசனின் படையால் கொல்லப்பட்டார். சைமனின் அம்மாவைப் பெற்றவள் மோனிக்கா என்ற பெண். ஆவணங்களில் அவள் பெயர் 'கோவாக் கடற்கரையைச் சேர்ந்த மோனிக்கா'. விடுதலையான அடிமைப்பெண் என்று சொல்கிறார்கள். அம்மம்மாவின் பெயரிலும் ஒரு கடற்கரை. அந்த மாளிகையைக் கட்டியவனின் இரத்தத்திலேயே ஓர் இந்தியக் கிழவி இருக்கிறாள். அது அவனை அடிமைகளை வைத்திருப்பதிலிருந்து தடுக்கவில்லை.

சைமன் 1712இல் இறந்தார். தோட்டம் துண்டாகி விற்கப்பட்டது. 1778இல் ஹென்ட்ரிக் குளூட்டே என்பவர் வாங்கி மீட்டெடுத்தார். அவர் காலத்தில்தான் கான்ஸ்டான்ஷியா இனிப்பு வைன் ஐரோப்பா முழுவதும் பெயர் எடுத்தது. சென் ஹெலேனாவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு அது போனது. ஜேன் ஒஸ்டின் நாவலில் அது மனக்கவலைக்கு மருந்தாக வருகிறது. கொத்தியது, கொடி வெட்டியது, பழம் பறித்தது, மிதித்தது, பீப்பாய் உருட்டியது எல்லாம் அடிமைகள். தென்பாதி உலகத்தில் அறுவடை பெப்ரவரி, மார்ச் வெயிலில். அடிமைகளுக்கு மாதத்தின் பெயரையே வைக்கும் வழக்கமும் இருந்தது. பெப்ரவரி, ஏப்ரல், செப்டெம்பர் என்ற குடும்பப் பெயர்கள் கேப்டவுனில் இன்றும் உண்டு.

என் வேலையில் ஒரு குழந்தை பிறந்ததும் முதலில் செய்வது கையிலோ காலிலோ பட்டி கட்டுவது. அம்மாவின் பெயர், நேரம், திகதி. அந்தப் பட்டி ஒத்துப்போகாமல் ஒரு துளி மருந்தும் கொடுக்க மாட்டோம். பெயரைத் தப்பாக எழுதினால் ஆளே தொலைந்துபோகும். வெளிச்சத் தூணின் முன் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. 'செப்டெம்பர், கடற்கரை' என்று ஒருவனுக்குப் பட்டி கட்டிவிட்டால், அவனுடைய தாய் வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

தாதியாக எனக்கு உறைத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேப் பண்ணைகளில் ஆட்களுக்கு வைன் கொடுத்து வேலை வாங்கும் பழக்கம் அடிமைக் காலத்திலேயே வேர்விட்டது. அதன் பெயர் 'டொப்'. 1834 டிசம்பர் 1இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. 'பயிற்சி' என்ற பெயரில் மேலும் நாலு வருடம் இழுத்தார்கள். நட்டஈடு கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. சங்கிலி போனது, டொப் போகவில்லை. கூலியின் ஒரு பகுதியாக நாளுக்குச் சில தடவை வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். சட்டம் தடுத்த பிறகும் சில பண்ணைகளில் 1990கள் வரை அது நீடித்தது.

கர்ப்பிணி குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தையின் ஈரலுக்கு அதை உடைக்கும் பலம் இல்லை. சின்னத் தலை, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் இல்லாமல் வழுவழுப்பு, பிறகு படிப்பிலும் நடத்தையிலும் வாழ்நாள் முழுவதும் சிரமம். உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்கள் சில அந்த மேற்குக் கேப் மாகாணத்து வைன் ஊர்களில்தான். வறுமையும் சத்தில்லாத சாப்பாடும் காரணத்தில் சேரும். ஆனாலும் நெப்போலியனின் கிண்ணத்துக்கும் அந்தக் குழந்தையின் முகத்துக்கும் இடையில் ஒரு நேர்கோடு இருக்கிறது.

நான் கிறிஸ்தவள். எங்கள் சபைகள் அன்று என்ன செய்தன என்று தேடினேன். ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கக் கூடாது என்ற எண்ணம் ஒல்லாந்தச் சபையில் இருந்தது. 1770இல் பத்தாவியா அதைக் கட்டளையாகவே போட்டது. விளைவு என்ன தெரியுமா? முதலாளிகள் அடிமைகளை விடுவிக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். தண்ணீர் பட்டால் விலை போய்விடும் என்று பயந்தார்கள். 1812இல் பிரித்தானிய ஆட்சி அந்த விதியை நீக்கியது. இனிமேல் ஞானஸ்நானமும் பெறலாம், விற்கப்படவும் படலாம்.

இதுவரை கேட்டுவிட்டு வெள்ளைக்காரன்மேல் கோபப்படுவது சுலபம். நானும் பட்டேன். ஆனால் அந்தக் கப்பல்களில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது என்று சொன்னேனே. அங்கே யார் வாங்கினார்கள்?

1694 முதல் 1696 வரை, இன்னொரு யுத்தம், இன்னொரு பஞ்சம். அந்தக் குறுகிய காலத்துக்குள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோழமண்டலக் கரையிலிருந்து தனியார் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பனி தலைக்கு இவ்வளவு என்று வரி எடுத்தது. யாழ்ப்பாணத்து நிலக்காரர்கள் வாங்கினார்கள். 1707இல் ஒல்லாந்தர் எங்கள் வழக்கங்களைத் 'தேசவழமை' என்று தொகுத்தபோது, சீதனம், முதுசம், அடைமானம் இவற்றோடு அடிமைகளுக்கும் ஒரு பகுதி எழுதினார்கள். எங்கள் முதலியார்கள் பன்னிரண்டு பேர் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். கேப்பைவிடப் பத்து வருடம் பிந்தி.

என் அம்மம்மா வீட்டில் நெல்லுக் குத்த வருகிறவர்கள் பின்வாசலால்தான் வருவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையில். எங்கள் ஊர்ச் சபையில், ஊரின் பெயர் வேண்டாம், திருவிருந்துக்கு ஒரே பாத்திரம். அதை யார் முதலில் குடிப்பது, யார் கடைசியில் குடிப்பது என்று ஒருவரும் சொல்லாத ஒரு வரிசை இருந்தது. சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அது வயதின்படி என்று நினைத்தேன். வயதின்படி அல்ல.

கான்ஸ்டான்ஷியாவில் எனக்குப் படிக்கக் கிடைத்தது அதுதான். 'கடற்கரை' என்று பட்டி கட்டப்பட்டவன் எனக்கு உறவு என்று கண்ணீர் விடத் தயாராக இருந்தேன். அவனுடைய தங்கையை என் பாட்டன் ஒருவன் விலைக்கு வாங்கியிருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது.

கனடாவிலும் கொஞ்சம் பார்ப்போம். உறவினர் வந்தால் நாம் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டி, வருகிற வழியில் ஒரு வைன் தோட்டத்திலும் நிறுத்துகிறோம். அந்த ஆற்றங்கரையில்தான் 1793 மார்ச் 14ஆம் திகதி குளோயி கூலி என்ற கறுப்பின அடிமைப்பெண்ணைக் கட்டிப் படகில் போட்டு அக்கரைக்கு விற்றார்கள். அவள் கத்தினாள், திமிறினாள். பீற்றர் மார்ட்டின் என்ற கறுப்பினப் போர்வீரர் அதை ஆளுநர் சிம்கோவிடம் போய்ச் சொன்னார். அதே வருடம் யூலை 9ஆம் திகதி மேல் கனடாவில் அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் இருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். குளோயி கூலி என்ன ஆனாள் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

1966இல் 264 யமைக்கர்கள் ஒன்ராறியோப் பண்ணைகளுக்குப் பருவகால வேலைக்கு வந்தார்கள். அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அவர்கள் அடிமைகள் அல்லர். சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஆனால் அனுமதிப்பத்திரம் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அடுத்த முறை ஒரு தோட்டத்தில் நிற்கும்போது, பழம் பறிப்பவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். நான் போன கோடையில் கேட்டேன். கிண்ணம் நிரப்பிய பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னாள்.

மச்சாள் எனக்கு ஒரு போத்தல் கான்ஸ்டான்ஷியா வாங்கித் தந்தாள். அது சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. இவர் "திறப்பமோ?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். விட்பியில் நாங்கள் போகும் சபையில் திருவிருந்துக்கு ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம், திராட்சைச் சாறு. சுகாதாரம் என்கிறார்கள். தாதியாக நான் அதை ஆதரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருநாள் ஒரே பாத்திரத்தில், வரிசை பார்க்காமல், குடிக்க ஆசையாக இருக்கிறது.

உங்களில் யாரிடமாவது யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகள், முதுசக் காகிதங்கள் இருந்தால், அவற்றில் ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எரித்துவிடாதீர்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.