பாவ அறிக்கையின் விலை

சிறையிலும் மருத்துவமனையிலும் ஆன்மிகத் துணை தரும் பாதிரிமார்களுக்கு இன்று எழுதிவைத்த நெறிமுறைகள் உண்டு. கேட்டதை வெளியில் சொல்லாதே, உன் நம்பிக்கையைத் திணிக்காதே என்பவை அவற்றின் சாரம். வட அமெரிக்க அமைப்புகள் இப்படியொரு பொதுத் தொகுப்பை 2004இல்தான் ஏற்றன. வெறும் கருணையில் பிறந்த விதிகள்போலத் தெரியலாம். ஆனால் இந்தத் தொழிலின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

லண்டன் நியூகேட் சிறையின் பாதிரிக்கு 'ஆர்டினரி' என்று பெயர். நியமித்தது நகர நிர்வாகம். தூக்குக் கைதியைப் பாவ அறிக்கை செய்ய வைப்பது, நற்கருணை கொடுப்பது, டைபர்ன் தூக்குமேடைவரை கூடப் போவது அவர் வேலை. அதோடு விடவில்லை. கைதியின் வாழ்க்கை, குற்றம், கடைசிப் பேச்சு எல்லாவற்றையும் அச்சிட்டு விற்றார். 1676 முதல் 1772 வரை 400க்கும் மேற்பட்ட வெளியீடுகள். சுமார் 2500 பேரின் கதைகள். இந்த வருமானம் சம்பளத்தை மிஞ்சியதும் உண்டு. 1700 முதல் 1719 வரை ஆர்டினரியாக இருந்த பால் லொரைன், போலிப் பிரசுரங்களை நம்பாதீர்கள் என்று வாசகர்களை எச்சரித்தார். சரக்கு அவருடையதல்லவா!

அப்படியென்றால் கொட்டடிக்குள் நுழைகிறவர் ஆறுதல் சொல்ல வந்தவரா, கொள்முதலுக்கு வந்தவரா? வாய் திறக்காதவன் கல்நெஞ்சன் என்று அச்சேறினான். ஆங்கிலிக்கப் பாதிரியிடம் பேச மறுத்த கத்தோலிக்கர்களின் மௌனமும் பிடிவாதமாகவே பதிவாயிற்று. 1703இல் நியூகேட்டில் அடைபட்டிருந்த டெஃபோ, 1722இல் எழுதிய 'மால் ஃபிளாண்டர்ஸ்' நாவலில் ஓர் ஆர்டினரியைக் காட்டுகிறார். காலையில் ஒப்புக்கொள், மனந்திரும்பு என்று நச்சரிக்கிற அவர் மதியத்துக்குள் பிராந்தி போதையில் கிடக்கிறார்.

தண்டனை நியாயமானதுதான் என்பதைத் தண்டிக்கப்பட்டவன் வாயாலேயே சொல்லவைப்பது அதிகாரத்தின் தேவை. ஆனால் தூக்குமேடைப் பேச்சு இரண்டு பக்கமும் வெட்டும், குற்றவாளியை நாயகனாகவும் ஆக்கிவிடும் என்பதை ஃபூக்கோ 1975இல் சுட்டினார். 1991இல் பீட்டர் லைன்பா எழுதிய 'தூக்கிலிடப்பட்ட லண்டன்' இந்தப் பிரசுரங்களைத் தலைகீழாக வாசித்தது. கசாப்புக்காரர்கள், நெசவாளர்கள், மாலுமிகள், ஐரிஷ் கூலிகள், வேலைக்காரப் பெண்கள் என உழைக்கும் மக்களின் வரலாறு அதிலிருந்து எழுந்து வந்தது.

இங்கேதான் சிக்கல். ரகசியம் காக்கப்பட்டிருந்தால் இந்த வரலாற்றில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. அதற்காக அந்த வியாபாரத்தை மன்னித்துவிட முடியுமா? செத்தவனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

உண்மை அறியப் போகிறோம், வாக்குமூலம் வாங்குகிறோம், கதையாக்குகிறோம். எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு, 'இதை எழுதாதீங்க' என்று சொல்லும் உரிமை நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறதா? ஆர்டினரியின் நோட்டில் அதற்கு இடமே இருக்கவில்லை.