திருநீலகண்டப் பதிகம்

வெண்ணந்தூருக்குத் தென்மேற்கிலுள்ள திருச்செங்கோடு பண்டு கொடிமாடச்செங்குன்றூர் எனப்பட்டது. 7ஆம் நூற்றாண்டில் ஆளுடைய பிள்ளையார் ஆண்டுத் தங்கிய பனிக்காலத்தே உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. இந்நிலத்தியல்பு இதுவாயினும் நம்மை அடையாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பிள்ளையார் பதிகம் அருள, சுரம் நீங்கிற்று எனச் சேக்கிழார் கூறுவர்.

அதுபற்றிப் பலர் இதனைச் சுரந்தீர்க்கும் மந்திரமாக மட்டுமே கொள்ப. அஃது அமையாது. பதிகம் சுரத்தைப் பேசாது, வினையையே பேசுகின்றது. இரண்டாம் பாட்டுச் சோலைவைத்தல், குளந்தொடுதல் என்னும் புறத்தொண்டுகளோடு மனக்கனிவையும் சேர்த்து வைத்தது. ஏரி மிகுந்த நம் சேலநாட்டார்க்குக் குளந்தொடுதல் அரிதன்று. யான் தொட்டேன் என்னும் செருக்கறுதலே அரிது. செருக்கறாதவழி அவ்வறமும் வினையாய் முளைக்கும். மலர்கொய்து போற்றுதற்கு இருபொழுதும் எனக் காலம் வரையறுத்தது, அக்கனிவு ஒருநாளில் வாராமைபற்றியென்க.